எடுத்துடு அக்கா

ஜவளகிரியில் கன்டெய்னர் என்று சொன்னால் எல்லோருக்கும் கண்முன் வருவது லாரிதான். ஓசூர் போகும்போதெல்லாம் பார்க்கிறோம். சிப்காட்டிலிருந்து புறப்பட்டு அத்திப்பள்ளி எல்லையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரும்புப் பெட்டிகள். அதனால் "என் லேப்டாப்புக்குள்ள ரெண்டு கன்டெய்னர் ஓடுது" என்று நான் சொன்ன அன்று அண்ணன் வாய்விட்டுச் சிரித்தான். அண்ணி மட்டும், "உள்ள என்ன ஏத்தியிருக்க?" என்று கேட்டார்.

ஏற்றியிருந்தது பதினோரு நோட்டுப் புத்தகங்களை. எங்கள் பக்கத்தில் மூன்று மகளிர் குழுக்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் முதலில் தொடங்கியதே 1989இல், அன்றைய தருமபுரி மாவட்டத்தில். கிருஷ்ணகிரி 2004இல்தான் தனி மாவட்டமானது. ஆக 35 ஆண்டுகளுக்கும் மேலாக இந்தப் பகுதிப் பெண்கள் தீர்மான நோட்டில் கையெழுத்தோ கைரேகையோ வைத்துக்கொண்டிருக்கிறார்கள். யார் எவ்வளவு கட்டினார், யார் கட்டவில்லை என்பதெல்லாம் அந்த நோட்டில் இருக்கும். ஏன் கட்டவில்லை என்பது இருக்காது. கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு, ஒருத்தி மட்டும் வாசலில் செருப்பைத் தேடுகிற மாதிரி நின்றுகொண்டு அந்தக் காரணத்தைச் சொல்வாள். அதை எழுதி வைக்கத்தான் தனி நோட்டு வாங்கினேன். ஒன்று பதினொன்றானது.

அவற்றில் என்னென்னவோ இருக்கின்றன. பன்னேர்கட்டாவிலிருந்து யானைகள் எங்கள் காட்டுக்குள் இறங்குகிற மாதங்களில், ஆண்கள் ராகிக் கொல்லையில் பரண் மேல் காவலிருக்கப் போய்விட்ட இரவுகளில், கக்கூஸ் இல்லாத வீட்டுப் பெண்கள் விடியும்வரை எப்படி அடக்கிக்கொண்டிருந்தார்கள் என்பது இருக்கிறது. வசூலுக்கு வந்தவன் எத்தனை மணிக்கு வந்தான், எங்கே உட்கார்ந்தான், என்ன சொன்னான் என்பது இருக்கிறது. எத்தனை பிள்ளை பெற்றாள், எத்தனை தங்கியது, தங்காதவை எங்கே போயின என்பது இருக்கிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வருகிற தாலாட்டுகளும் உண்டு. ஒருத்தி சொன்னதில் இன்னொருத்தி வருவாள். ஏழாம் நோட்டில் இருப்பவளின் மாமியார் மூன்றாம் நோட்டில் வேறொரு கதையில் மருமகளாக அழுதுகொண்டிருப்பாள். தாளில் இவர்களைச் சேர்த்துப் பார்க்க முடியவில்லை. விக்கி வேண்டும் என்று தோன்றியது இதற்காகத்தான்.

விக்கி என்பது ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு நூல் கட்டுகிற மென்பொருள். 1995இல் வார்டு கன்னிங்காம் என்ற அமெரிக்கர் முதலாவதை உருவாக்கி, ஹவாய் மொழியில் 'விரைவு' என்று பொருள்படும் சொல்லைப் பெயராக வைத்தார். விக்கிப்பீடியா ஓடுவது மீடியாவிக்கி என்ற மென்பொருளில். அதை யாரும் இலவசமாக எடுத்துத் தன் கணினியில் போட்டுக்கொள்ளலாம்.

அப்படியானால் நேராக விக்கிப்பீடியாவிலேயே எழுதலாமே என்று ஒரு தோழி கேட்டாள். தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. நானே அதில் நாலைந்து ஊர்ப் பக்கங்களில் கை வைத்திருக்கிறேன். ஆனால் அங்கே எழுதுவதற்கெல்லாம் ஏற்கெனவே வெளியான சான்று வேண்டும். 2018 அக்டோபரில் டோனா ஸ்ட்ரிக்லண்டுக்கு இயற்பியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது ஆங்கில விக்கிப்பீடியாவில் அவருக்கென்று ஒரு பக்கம்கூட இல்லை. சில மாதங்களுக்கு முன் ஒருவர் எழுதிக்கொடுத்த வரைவு, போதிய சான்று இல்லையென்று திருப்பப்பட்டிருந்தது. பேராசிரியைக்கே அந்தக் கதி என்றால், தளி சாலையில் ராகி அறுக்கிறவள் எந்தச் சான்றைக் காட்டுவாள்? 2011இல் அச்சல் பிரபாலாவும் நண்பர்களும் மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் வட சோத்தோ ஆகிய மொழிகளில் மக்களின் பேச்சைப் பதிவு செய்து, அந்தப் பதிவையே சான்றாக ஏற்கச் சொன்னார்கள். விதி பெரிதாக இளகவில்லை. நான் அதைப் பற்றிப் படித்தபோது பயங்கரமாகக் கோபப்பட்டேன். எங்கள் பெண்களின் வாய்ச்சொல்லுக்கு வாசலிலேயே தடை என்று பேசித் திரிந்தேன். அந்தத் தடை சிலரைக் காப்பாற்றவும் செய்யும் என்று அப்போது யோசிக்கவில்லை.

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழைய லேப்டாப் என்னுடையது. எட்டு ஜிபி ராம், உபுண்டு. மீடியாவிக்கியை நேராகப் போட்டால் வலைச் சேவையகம், பிஎச்பி, தரவுத்தளம் என்று ஒவ்வொன்றாக நிறுவி, ஒன்றின் பதிப்பு மற்றொன்றோடு ஒத்துப்போகிறதா என்று மல்லுக்கட்ட வேண்டும். 2013இல் வெளிவந்த டாக்கர் இந்தத் தலைவலியைக் குறைக்கிறது. ஒரு மென்பொருள் ஓடத் தேவையான எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். லாரிக் கன்டெய்னரும் அப்படித்தானே, உள்ளே துணியா இயந்திரமா என்று பார்க்காமல் தூக்கி வைக்கலாம். எனக்கு இரண்டு பெட்டிகள். ஒன்றில் விக்கி, மற்றொன்றில் மரியாடிபி என்ற தரவுத்தளம். இரண்டையும் எப்படிச் சேர்த்து ஓட்டுவது என்று இருபது வரியில் ஒரு கோப்பு. அதில் ஒரு இடைவெளி கூடினாலும் குறைந்தாலும் கோபித்துக்கொள்ளும்.

முதல் மூன்று நாள் ஒரே இடத்தில் நின்றது. தரவுத்தளம் எங்கே இருக்கிறது என்று விக்கி கேட்கிறது. 'லோக்கல்ஹோஸ்ட்', அதாவது இதே கணினியில், என்று பதில் சொல்கிறேன். இல்லை என்கிறது. இருக்கிறதே, இங்கேதானே ஓடுகிறது என்று நான். மூன்றாம் நாள் இரவுதான் புரிந்தது. ஒவ்வொரு பெட்டியும் 'இங்கே' என்று சொன்னால் தன்னைத்தான் சொல்கிறது. விக்கியின் 'இங்கே'யும் தரவுத்தளத்தின் 'இங்கே'யும் வேறு வேறு. பக்கத்துப் பெட்டியை அதன் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். கணினி படித்தவர்களுக்கு இது அரிச்சுவடி. எனக்கு அன்று பெரிய கண்டுபிடிப்பு. கல்யாணமாகிப் போன பெண் "எங்க வீட்டுல" என்று சொன்னால் எந்த வீடு என்று நாம் கேட்க வேண்டியிருக்கிறதே, அந்த நினைப்பு வந்தது.

பிறகு நிறுவும் பக்கம் திறந்தது. மொழி தமிழ், விக்கியின் பெயர், நிர்வாகியின் பெயர், கடவுச்சொல். அதற்கப்புறம் ஒரு தேர்வு. இன்னும் சில கேள்விகள் கேட்கட்டுமா, இல்லை அலுத்துவிட்டதா, நேராக நிறுவிவிடட்டுமா? இப்படியேதான் கேட்கிறது, கிண்டலாக. அலுத்துவிட்டது என்றேன். மூன்று நாள் அல்லாடியவள் வேறு என்ன சொல்வாள்? நான் கேட்காமல் தாண்டிப்போன கேள்விகளில் ஒன்று, இதை யார் படிக்கலாம் என்பது. இன்னொன்று, இதில் எழுதப்படுவது யாருக்குச் சொந்தம் என்பது.

ஆவணியிலிருந்து தினமும் இரவு இரண்டு மணி நேரம் தட்டச்சு செய்தேன். ஒவ்வொருத்திக்கும் ஒரு பக்கம், புனைபெயரில். புரட்டாசியில் ஒரு நாள் படுத்துக்கொண்டே போனில் படித்துப் பார்க்கலாமே என்று லேப்டாப்பின் எண்ணைத் தட்டினேன். திறந்தது. அத்தனை பக்கங்களும் தமிழில், சின்னத் திரையில், அழகாக. ஐந்து நிமிடம் சந்தோஷமாகப் புரட்டினேன். அப்புறம்தான் உறைத்தது. என் போனில் திறக்கிறது என்றால் இந்த வீட்டு வைஃபையில் இருக்கிற எல்லாப் போனிலும் திறக்கும். அண்ணன் போன், அவன் பையன் போன், பையனோடு கேம் ஆட வருகிற நாலு பேரின் போன். டாக்கரில் ஒரு கதவைத் திறக்கச் சொன்னால், நாம் தனியாகச் சொல்லாதவரை, அது எல்லாப் பக்கமும் திறந்துதான் வைக்கும். எண்ணுக்கு முன்னால் 127.0.0.1 என்று எழுதினால்தான் கதவு உள்முற்றத்துக்கு மட்டும் திறக்கும். அன்றிரவே எழுதினேன். கடவுச்சொல் இல்லாமல் யாரும் படிக்கவே முடியாதபடி விக்கியின் அமைப்புக் கோப்பில் இரண்டு வரியும் சேர்த்தேன். அதுவரை யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். நினைக்கிறேன் என்பதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

என் சொந்தக் கணினி, என் சொந்த அறை, ஆகவே பத்திரம் என்று நம்பியிருந்தேன். பெண்ணுக்கென்று ஓர் அறை வேண்டும் என்று வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் எழுதியதை நாம் எல்லோரும் மேடையில் சொல்லியிருக்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். அந்த அறைக்குள் இன்னொரு பெண்ணின் ரகசியத்தைக் கொண்டுபோய் வைத்தால் அது யாருடைய அறை என்று அப்போது யோசித்ததில்லை.

இப்போது சின்னம்மாவின் பக்கத்துக்கு வருகிறேன். உறவில் சின்னம்மா இல்லை, தெருவில் சின்னம்மா. நோட்டில் எழுதியதல்ல இது. நான் தட்டச்சு செய்வதைப் பார்த்துவிட்டு, அவராகவே வந்து திண்ணையில் உட்கார்ந்து, "என்னோடதும் எழுது பாப்பா" என்று சொன்னார். சொல்லச் சொல்ல நேராக விக்கியில் அடித்தேன். மகளை ஒன்பதாம் வகுப்பிலேயே நிறுத்திச் சொந்தத் தம்பிக்குக் கட்டிவைத்தது. மகள் அழுதது. பந்தல் போட்ட அன்று ஒரு காரியம் செய்யப் போய்ப் பாதியில் திரும்பி வந்தது. அது என்ன காரியம் என்று இங்கே எழுதமாட்டேன். முடிக்கும்போது, "நான் செஞ்சது தப்புன்னு எழுது. என் பேரு போட்டே எழுது. நாளைக்கு எவளாவது படிச்சா செய்யமாட்டா" என்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது. எழுதியதைப் படித்துக் காட்டினேன். "அதான்" என்று எழுந்து போனார்.

அந்தப் பதினோரு நோட்டுகளில் இருக்கிற எல்லாவற்றையும்விட எனக்கு அந்தப் பக்கம்தான் பெரிதாகத் தெரிந்தது. தனக்கு நடந்த அநியாயத்தைச் சொல்கிற பெண்களை நிறையக் கேட்டிருக்கிறேன். தான் செய்த அநியாயத்தைச் சொல்லி, எழுதச் சொன்ன பெண்ணை அன்றுதான் பார்த்தேன்.

மகள் அந்தக் கல்யாணத்தை விட்டு வந்து பல வருடமாகிறது. ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை, விடுதியில் தங்கல். அங்கே யாருக்கும் அவள் கதை தெரியாது. தீபாவளிக்கு வந்தபோது அம்மாவே பெருமையாகச் சொல்லிவிட்டார், உன்னைப் பற்றியும் எழுதியிருக்கு என்று. மறுநாள் காலை வாசலில் நின்றாள். உள்ளே வா என்றால் வரவில்லை.

"எடுத்துடு அக்கா."

அம்மாதான் சொன்னார், அவர் விருப்பம், அவர் கதை என்றேன்.

"அவங்க கதையா? படிப்பு நின்னது யாருக்கு?"

யாருமே பார்க்க முடியாது, நெட்டில் இல்லை, என் கணினியில் மட்டும்தான் என்றேன். அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். "நீ பார்க்கிறியே" என்றாள்.

அதற்குச் சில நாள் கழித்து அந்தச் செய்தி வந்தது. 2025 நவம்பரில், இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில், தொழிற்சாலைப் பெண்கள் தங்கும் ஒரு விடுதியின் குளியலறையில் மறைத்துவைத்த கேமரா அகப்பட்டது. ஆயிரக்கணக்கில் பெண்கள் இரவில் வெளியே வந்து நின்று நியாயம் கேட்டார்கள். கைதானவர்களில் அங்கேயே தங்கியிருந்த ஒரு பெண்ணும் உண்டு. அது இவள் இருந்த விடுதி அல்ல. ஆனால் அந்த வாரம் ஓசூர்ச் சுற்றுவட்டாரத்தில் எந்த விடுதியிலும் யாரும் நிம்மதியாகக் குளித்திருக்கமாட்டார்கள். அவள் போன் செய்தாள். வேறு எதுவும் பேசவில்லை. "கேமரா வச்சவங்களும் எங்களைக் கேக்கல. நீயும் கேக்கல" என்றாள்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. அதுவும் இதுவும் ஒன்றா? அவர்கள் செய்தது குற்றம், நான் செய்வது வரலாறு. ஆனாலும் அவள் தேடிப்பிடித்த ஒற்றுமை மேலோட்டமானதல்ல. தன் வாழ்க்கையின் ஒரு துண்டு, தனக்குத் தெரியாமல், தன் கைக்கெட்டாத ஒரு கருவியில் கிடக்கிறது. அதை யார் எப்போது பார்ப்பார்கள் என்பது வேறொருத்தியின் யோக்கியதையைப் பொறுத்தது. எடுத்தவளின் நோக்கம் நல்லது என்பதால் அந்த நிலைமை மாறிவிடுவதில்லை. சட்டமும் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தன் சொந்த, வீட்டுப் பயனுக்காக வைத்திருக்கும் தரவுக்குப் பொருந்தாது. அரசும் கம்பெனிகளும் நம் விவரங்களை அள்ளுவதைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம். பக்கத்து வீட்டு அக்கா அள்ளினால் அதற்கு அக்காவின் மனசாட்சிதான் நீதிமன்றம்.

"எடுத்துட்டேன்" என்று சொன்னேன். சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன். முதலில் அந்த வரிகளை மட்டும் நீக்கிச் சேமித்தேன். விக்கியில் 'தொகு' என்ற பொத்தானுக்குப் பக்கத்திலேயே 'வரலாறு' என்று ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் நீக்கிய வரிகள், நீக்கிய நாள், நேரம் எல்லாம் தெரிகின்றன. பக்கத்தையே நீக்கினேன். அப்போதும் நிர்வாகி நினைத்தால் மீட்கலாம் என்கிறது. நிர்வாகி நான்தான். அழித்ததையும் அடியோடு துடைக்கத் தனியாக ஒரு கட்டளை உண்டு. அதைத் தட்டச்சு செய்து, எண்டர் விசையை அழுத்தாமல் உட்கார்ந்திருந்தேன்.

அழுத்தாததற்கு நான் எனக்கே சொல்லிக்கொண்ட காரணங்களைக் கேளுங்கள், உங்களுக்கும் பழக்கமானவையாக இருக்கும். பெண்களின் சரித்திரம் ஏற்கெனவே அழிக்கப்பட்ட சரித்திரம், அதில் நானும் ஒரு கை சேர்ப்பதா? சொல்லப்படாமல் போனதால்தானே இன்றும் அஞ்செட்டி மலைக் கிராமங்களில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தாலி ஏறுகிறது? அவள் இன்று வேண்டாம் என்கிறாள், பத்து வருடம் கழித்து வேண்டும் என்றால்? பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது அவருடைய ஊர்க்காரர்கள் கோபப்பட்டு, சில மாதங்கள் அவரால் ஊருக்குள் போக முடியவில்லை. அன்று யாருக்காவது பயந்து அவர் எடுத்திருந்தால் நமக்கு அந்தப் புத்தகம் உண்டா? இந்தக் கடைசிக் காரணத்தை நினைத்து இப்போது வெட்கப்படுகிறேன். பாமா எழுதியது தன் வாழ்க்கையை, தன் புனைபெயரில். நான் வைத்திருந்தது இன்னொருத்தியின் வாழ்க்கை. பொறுப்பேற்கும் பெயரும் என்னுடையதல்ல.

இந்த இரண்டு மென்பொருளையும் நான் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்திருந்தேன், அவற்றின் குணம் என்ன என்று பார்க்காமல். விக்கி எதையும் மறக்காது. யார் எந்த எழுத்தை எப்போது மாற்றினார்கள் என்பதுகூட அதற்கு வேண்டும். அந்நியர்கள் கூடி எழுதுகிற இடத்தில் ஏமாற்றைத் தடுக்க அது தேவைதான். கன்டெய்னர் நேர்மாறு. அதை அழித்து மறுபடி எழுப்பினால் பிறந்த நாளில் இருந்ததுபோல வந்து நிற்கும், உள்ளே நடந்த எதுவும் அதற்கு நினைவிருக்காது. நினைவில் வைக்க வேண்டியதை 'வால்யூம்' என்ற தனியிடத்தில் வைக்க வேண்டும். எதை வைப்பது என்று யாராவது முன்கூட்டியே உட்கார்ந்து தீர்மானித்தால்தான் உண்டு.

டிசம்பரில் ஒரு நாள் தரவுத்தளப் பெட்டி எழுந்திருக்க மறுத்தது. எங்கோ கண்ட ஒரு விடையை நகலெடுத்து ஒட்டினேன். பெட்டிகளை இறக்கும் கட்டளை அது. அதன் வாலில் ஒரு சின்ன 'வி' இருந்ததை நான் கவனிக்கவில்லை. அந்த எழுத்து இருந்தால் வால்யூமும் சேர்ந்து போகும். நிச்சயமா என்று ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டு வரியில் முடித்துவிட்டது. மறுபடி எழுப்பியபோது தரவுத்தளத்தில் ஒரு அட்டவணைகூட இல்லை.

அழுதேன். நான்கு மாத இரவு வேலை. அழுது முடித்துத் தண்ணீர் குடிக்கும்போது நெஞ்சில் ஒரு ஓரத்தில் லேசாக இருந்தது. என்னவென்று பார்த்தால், சின்னம்மாவின் பக்கமும் போய்விட்டது. நான் அழுத்தாத விசையை இயந்திரமே அழுத்திவிட்டது. இனி அவளிடம் சொன்னது பொய்யில்லை.

அந்த நிம்மதி மறுநாள் காலைவரை நீடித்தது. கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் தரவுத்தளத்தை ஒரே கோப்பாக இறக்கிப் பென்டிரைவில் போட்டது ஞாபகம் வந்தது. அதைச் சாதாரண எழுத்துக் கோப்பாகத் திறந்து தேடினேன். கமாக்களுக்கும் மேற்கோள் குறிகளுக்கும் நடுவில், நான் எடுத்துவிட்டேன் என்று சொன்ன ஒவ்வொரு வரியும் இருந்தது. "என் பேரு போட்டே எழுது" உட்பட.

அந்தக் கோப்பை அப்படியே மீட்டு ஊற்றியிருக்கலாம். பத்து நிமிட வேலை. செய்யவில்லை. காலியாக ஒரு புது விக்கியை நிறுவினேன். இந்த முறை அலுப்பில்லை, கேள்விகளைக் கேள் என்றேன். யார் படிக்கலாம் என்பதற்கு நான்கு வகை இருந்தன. தனிப்பட்ட விக்கி என்பதைத் தேர்ந்தேன். அடுத்தது உரிமம். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்பது முதல் உரிமக் குறிப்பே வேண்டாம் என்பது வரை ஒரு பட்டியல். அதற்கு முன்னால் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். பட்டியலில் இருந்த எதைத் தேர்ந்தாலும், கொடுப்பதற்கு என்னிடம் ஒன்று இருப்பதாக ஆகிவிடும். புதுச்சேரி அருகே வீரம்மா என்ற தலித் பெண் சொல்லச் சொல்ல, ஜோசியான் ரசீன் பத்தாண்டுகள் பதிவு செய்து புத்தகமாக்கியபோது அட்டையில் வீரம்மாவின் பெயரையும் ஆசிரியராகப் போட்டார். அது பெரிய மரியாதை. ஆனால் சின்னம்மா சொன்னதற்குச் சின்னம்மாவை ஆசிரியராகப் போட்டாலும், மகள் எங்கே நிற்பாள்? ஒரு வாழ்க்கை ஒருத்திக்கு மட்டும் சொந்தமாக இருப்பதில்லை என்பதற்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை. குறிப்பு வேண்டாம் என்பதைத் தேர்ந்து மேலே போனேன்.

2014இல் பல நாட்டுப் பெண்ணியவாதிகள் மலேசியாவில் கூடி இணையத்துக்கான பெண்ணியக் கோட்பாடுகளை எழுதத் தொடங்கினார்கள். இசைவு அதில் ஒன்று, நம் கடந்தகாலத்தின் மீது நமக்கு இருக்க வேண்டிய பிடி இன்னொன்று. படிக்கும்போது தலையாட்டிக்கொண்டேதான் படித்தேன், எப்போதும் நம்மை அந்தப் பெண்ணின் இடத்தில் வைத்துத்தானே படிக்கிறோம். பேஸ்புக் இருக்கிற நாற்காலியில் என்னை ஒருமுறைகூட உட்காரவைத்துப் பார்க்கவில்லை.

நோட்டுகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போனேன். நீங்கள் அன்று சொன்னது இது, இன்றும் இருக்கட்டுமா என்று கேட்டேன். பலர் சிரித்தார்கள். "சொன்னது சொன்னதுதானே, அதுல என்ன?" என்றார்கள். இரண்டு பேர் வேறு மாதிரி சொன்னார்கள், அன்று சொன்னதைவிடக் கோபமாக. ஒருத்தி, "அந்த வசூல்காரன் விஷயத்தை எடுத்துடு, என் மகன் இப்ப அதே வேலைக்குப் போறான்" என்றாள். அந்தத் தாளைக் கிழித்து அவள் கையில் கொடுத்தேன். அடுப்பில் போட்டாள். எரிவதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. இன்றும் அது நல்ல காரியம் என்று முழுமனதோடு சொல்லமாட்டேன். வட்டிக்காரர்கள் இந்த ஊரில் என்ன செய்தார்கள் என்பதற்கு அது ஒரு சாட்சியம், போய்விட்டது.

பொங்கலுக்கு மகள் வந்தாள். இந்த முறை நானே போய்க் கூப்பிட்டேன். பொய் சொன்னதைச் சொன்னேன். பென்டிரைவைக் காட்டினேன். திட்டுவாள் என்று பார்த்தேன், கையை நீட்டினாள். கொடு, நானே வைத்துக்கொள்கிறேன் என்றாள். கொடுக்க முடியவில்லை. அந்தக் கோப்பில் மற்றவர்கள் சொன்னதும் இருக்கிறது. அதைச் சொன்னபோது முதல்முறையாகக் கொஞ்சம் சிரித்தாள். "இப்பதான் உனக்கு உறைச்சிருக்கு" என்றாள்.

அழிப்பதற்கு முன் படிக்க வேண்டுமா என்று கேட்டேன். அவள் பகுதியை மட்டும் திரையில் எடுத்துவைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது லேப்டாப்பைத் தள்ளிவைத்திருந்தாள். பந்தல் அன்று அம்மா எங்கே போகக் கிளம்பினார், எதுவரை போனார் என்பது அதில்தான் இருந்தது. "இது எனக்குத் தெரியாது" என்றாள். கொஞ்சம் கழித்து மறுபடி, "இது எனக்குத் தெரியவே தெரியாது அக்கா."

அப்படியென்றால் வைத்திருக்கலாமா என்று என் வாய் வரை வந்தது. இந்த ஆசை எவ்வளவு கெட்டியானது பாருங்கள்.

"அழிச்சிடு" என்றாள். "அதை அம்மா எங்கிட்ட சொல்லட்டும். உன் கம்ப்யூட்டர் சொல்ல வேணாம்."

வெறுமனே அழித்தால் மீட்டுவிடலாம் என்பதால் பென்டிரைவ் நிரம்புகிறவரை அதன் மேல் வேறு எதையோ எழுதவிட்டோம். பழைய லேப்டாப், நாற்பது நிமிடம் ஆயிற்று. அதுவரை இருவரும் கரும்பு தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தோம்.

இந்தக் கட்டுரையை அனுப்புவதற்கு முன் அவளுக்குப் போனில் படித்துக் காட்டினேன். நான்கு இடங்களில் மாற்றச் சொன்னாள். உறவு, வகுப்பு, வேலை என்று எது எது என்று சொன்னால் மாற்றியதற்கு அர்த்தமில்லை. கேமரா பற்றி அவள் சொன்னதை எடுத்துவிடட்டுமா என்று கேட்டதற்கு, "அது மட்டும் இருக்கட்டும்" என்றாள்.

சின்னம்மாவிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. திண்ணையில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். நீங்கள் எழுதச் சொன்னது இப்போது இல்லை, மகள் வேண்டாம் என்றாள், அழித்துவிட்டேன் என்றேன். அவர் கை நிற்கவில்லை. "அப்ப நான் செஞ்சது தப்புன்னு எங்கயுமே இல்லியா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். மகளுக்குச் சேராத வார்த்தையாக, உங்களுடையதாக மட்டும் ஏதாவது சொன்னால் எழுதுகிறேன் என்றேன். நெடுநேரம் யோசித்தார். இரண்டு மூன்று தடவை வாயெடுத்தார், ஒவ்வொரு முறையும் மகள் வந்துவிட்டாள். கடைசியில் தொலியை எல்லாம் முறத்தில் கூட்டிக்கொண்டு எழுந்தார்.

"சரி விடு. அவ ஞாயித்துக்கிழமை வரா. பார்க்கலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்துபோனாள். சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.